ஒவ்வொரு செய்திக்கும் ஒப்புகை: காஃப்காவிலிருந்து மேக வரிசைக்கு ஒரு கனெக்டரை அமைத்த அனுபவம்

எங்கள் சேவைக் கோரிக்கை அமைப்பில் ஒரு கோரிக்கையின் நிலை மாறும்போதெல்லாம், அந்த மாற்றமும் அதனோடு ஊழியர் எழுதும் குறிப்பும் செய்திகளை வரிசையாகச் சேமித்துப் பிற நிரல்களுக்குத் தரும் அப்பாச்சி காஃப்கா என்னும் மென்பொருளின் ஒரு டாபிக்கில், அதாவது ஒரு பொருளுக்கான பதிவேட்டில், பதிவாகச் சேரும். இந்த மாற்றங்கள் வேறொரு குழுவின் செயலிக்கும் போக வேண்டும் என்ற தேவை எழுந்தது. அந்தச் செயலி காஃப்காவைப் படிப்பதில்லை; அமேசானின் எஸ்.க்யூ.எஸ். என்னும் மேகச் செய்தி வரிசையிலிருந்து மட்டுமே எடுத்துக்கொள்ளும். இடையில் தனி நிரல் ஒன்றை எழுதிப் பராமரிப்பதைவிட, ஏற்கெனவே எங்களிடம் ஓடிக்கொண்டிருந்த காஃப்கா கனெக்ட்டில் (காஃப்காவை வெளி அமைப்புகளோடு இணைக்கும் கருவி) காஃப்காவிலிருந்து எடுத்து வெளியே அனுப்பும் ஒரு சிங்க் கனெக்டரைச் சேர்ப்பது நல்லது என்று முடிவு செய்தோம். எதுவரை படித்தோம் என்ற கணக்கு, ஓர் இயந்திரம் விழுந்தால் வேலையை இன்னொன்றிடம் ஒப்படைப்பது, நிலையை வெளியிலிருந்து பார்ப்பது ஆகிய மூன்றையும் கனெக்ட்டே செய்துவிடும். மூல நிரல் திறந்திருந்த சிறிய கனெக்டர் ஒன்றை எடுத்துக்கொண்டோம். தேவைப்பட்டால் திருத்திக்கொள்ளலாம் என்பதே அதைத் தேர்ந்ததற்குக் காரணம். அந்தத் தேவை விரைவிலேயே வந்தது.

முதலில் எந்த வகை வரிசை என்பதை முடிவு செய்ய வேண்டியிருந்தது. சாதாரண வரிசை ஒரு செய்தியைக் குறைந்தது ஒருமுறை கொடுக்கும். சில வேளைகளில் இருமுறையும் கொடுக்கலாம், முன்பின்னாகவும் கொடுக்கலாம். 2016-இல் வந்த ஃபிஃபோ (முதலில் வந்தது முதலில் போகும்) வரிசை ஒரே குழு அடையாளம் கொண்ட செய்திகளை அனுப்பிய ஒழுங்கிலேயே தரும். ஒரே இரட்டிப்பு நீக்க அடையாளத்தோடு 5 நிமிடத்துக்குள் மீண்டும் வரும் செய்தியைச் சேர்த்துக்கொள்ளாது. வரிசையை உருவாக்கிய பின் அதன் வகையை மாற்ற முடியாது என்பதால் இந்த இடத்தில் அவசரப்படவில்லை. எங்கள் பதிவுகள் ஒவ்வொன்றிலும் கோரிக்கை எண்ணும் மாற்ற எண்ணும் இருந்தன. பெறும் செயலி தன்னிடம் இருப்பதைவிடப் பழைய மாற்ற எண்ணையும் அதே எண்ணையும் தள்ளிவிட முடியும். அது உறுதியானதும் சாதாரண வரிசையே போதும் என்று எடுத்துக்கொண்டோம். ஃபிஃபோவின் 5 நிமிட எல்லை எங்கள் நிலைமைக்கு உதவியிருக்காது என்பது பின்னால் ஒரு சோதனையில் தெரிந்தது. அதை அங்கே சொல்கிறேன்.

வரிசையின் அமைவில் இரண்டு எண்களை மட்டும் மாற்றினோம். செய்திகளை வைத்திருக்கும் காலம் இயல்பாக 4 நாள். அதை உச்ச அளவான 14 நாளாக்கினோம். ஒரு செய்தியை எடுத்தபின் அது மற்றவர் கண்ணில் படாமல் மறைந்திருக்கும் நேரம் இயல்பாக 30 விநாடி. பெறும் குழுவின் செயலாக்கம் சில வேளைகளில் அதைத் தாண்டியதால் 2 நிமிடமாக்கினோம். ஐந்து முறை எடுத்தும் முடியாத செய்திகள் ஒதுங்குவதற்கு டெட் லெட்டர் வரிசை ஒன்றையும் இணைத்தோம். சாதாரண வரிசையில் ஒரு செய்தி அங்கே நகரும்போது அதன் வயது புதிதாகத் தொடங்குவதில்லை, முதலில் நுழைந்த நேரத்திலிருந்தே எண்ணப்படுகிறது. ஆகவே முதன்மை வரிசையில் 10 நாள் கிடந்துவிட்டு ஒதுங்கும் செய்தி, 4 நாள் மட்டுமே வைத்திருக்கும் டெட் லெட்டர் வரிசையில் யாரும் பார்ப்பதற்குள் அழிந்துவிடும். இரண்டுக்கும் 14 நாள் வைத்தோம்.

அடுத்து, கனெக்டர் வரிசையின் வாசல்வரை போய்ச் சேர வேண்டும். இதில் நான்கு தடைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒன்றை நீக்கினால்தான் அடுத்தது தெரிந்தது. அணுகல் சாவிகளை அமைவுக் கோப்பில் எழுதி வைக்க எங்களுக்கு விருப்பமில்லை. எனவே கனெக்ட் ஓடும் இயந்திரத்துக்கே அனுமதிகளைக் கொண்ட அடையாளமான ஓர் ஐ.ஏ.எம். ரோலைக் கொடுத்தோம். ஆனால் எந்த வழியிலும் அடையாளச் சான்று கிடைக்கவில்லை என்ற பிழையோடு, கனெக்டரின் வேலையைச் செய்யும் பணி நின்றது. எங்கள் கனெக்ட் கன்டெய்னர் எனப்படும் தனித்த ஓட்டச் சூழலுக்குள் ஓடுகிறது. ரோலின் சான்றை இயந்திரத்துக்குத் தரும் மெட்டாடேட்டா சேவை அனுப்பும் பதில் இயல்பு அமைப்பில் ஒரே ஒரு தாவலுக்குத்தான், அதாவது வலையமைப்பில் ஒரே ஒரு படி கடக்கும்வரைதான், உயிரோடு இருக்கும். கன்டெய்னரின் வலையமைப்பு இன்னொரு தாவலைச் சேர்ப்பதால் பதில் உள்ளே வந்து சேராது. தாவல் எல்லையை 2 ஆக்கியதும் சான்று கிடைத்தது.

இரண்டாவதாக வந்தது இணைப்புக்குக் காத்திருந்து நேரம் முடிந்துவிட்டது என்ற பிழை. அனுமதி மறுக்கப்பட்டால் மறுமுனை உடனே 403 என்று பதில் சொல்லும். பதிலே வராமல் நேரம் முடிகிறது என்றால், பெரும்பாலும் தரவுப் பொட்டலம் மறுமுனைக்குப் போகவே இல்லை. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால், வலையமைப்புக் கோளாறுக்காக அனுமதிக் கொள்கைகளைத் திருத்திக்கொண்டிருக்கும் வீண் வேலை மிச்சமாகும். எங்கள் இயந்திரங்கள் இணையத்துக்கு வழியில்லாத தனியார் சப்நெட்டில் (வலையமைப்பின் உட்பகுதியில்) இருந்தன. உள்ளிருந்தே எஸ்.க்யூ.எஸ்.-ஐ எட்டும் வாயிலான இடைமுக என்ட்பாயின்ட் ஒன்றை அந்த வலையமைப்புக்குள் உருவாக்கி, அதன் பாதுகாப்புக் குழுவில் எங்கள் இயந்திரங்களிலிருந்து 443-ஆம் போர்ட்டுக்கு அனுமதி கொடுத்து, சேவையின் பெயரை அந்த வாயிலின் முகவரியாக மாற்றும் தனியார் டி.என்.எஸ்.-ஐ இயக்கியதும் பதில் வரத் தொடங்கியது. வந்த பதில் 403. அது முன்னேற்றம்தான்.

மூன்றாவது தடை எளிது. செய்தி அனுப்பும் அனுமதியை மட்டும் கொடுத்திருந்தோம். கனெக்டரோ தொடங்கும்போது வரிசையின் பெயரைக் கொண்டு அதன் முகவரியைக் கேட்கிறது, அதற்குத் தனி அனுமதி வேண்டும். தொகுதியாக அனுப்புவதற்கென்று தனி அனுமதி கிடையாது. செய்தி அனுப்பும் அனுமதியே அதற்கும் செல்லும். நான்காவது தடை குறியாக்கத்தில் இருந்தது. வரிசையை அமேசானின் சாவி நிர்வாகச் சேவையான கே.எம்.எஸ்.-இல் உள்ள எங்கள் சொந்தச் சாவியால் குறியாக்கியிருந்தோம். அனுப்புபவருக்குப் புதிய தரவுச் சாவியை உருவாக்கும் அனுமதி வேண்டும் என்பதை எதிர்பார்த்தோம். குறியாக்கத்தைத் திறக்கும் அனுமதியும் வேண்டும் என்பதை எதிர்பார்க்கவில்லை. அனுப்புபவர் எதையும் படிப்பதில்லையே, அவருக்கு எதற்கு என்றுதான் முதலில் தோன்றியது. புதிய தரவுச் சாவியைப் பயன்படுத்துவதற்கு முன் அது பழுதற்றதா என்று சரிபார்க்க அந்த அனுமதி தேவைப்படுகிறது. எஸ்.க்யூ.எஸ். தானே நிர்வகிக்கும் குறியாக்கத்தைத் தேர்ந்திருந்தால் இந்த இரண்டு அனுமதிகளும் தேவைப்பட்டிருக்காது.

வாசல் திறந்தபின் கனெக்ட்டின் பக்கம் வந்தோம். முதல் பதிவிலேயே பணி நின்றது. எங்கள் கனெக்ட்டின் பொது அமைவில், பதிவுகளை ஜேசன் என்னும் தரவு வடிவமாகப் படிக்கும் ஜேசன் மாற்றி இருந்தது. இந்த டாபிக்கின் பதிவுகளோ வெறும் உரை. இந்தக் கனெக்டருக்கு மட்டும் உரையை அப்படியே எடுக்கும் சரம் மாற்றியைக் குறிப்பிட்டதும் அது தீர்ந்தது. அப்போது நாங்கள் கவனித்த ஒன்றை இங்கே எழுதி வைக்க வேண்டும். நிலையைக் கேட்டபோது கனெக்டர் ஓடிக்கொண்டிருப்பதாகவே பதில் வந்தது. அதன் கீழே இருந்த பணிகள்தாம் தோல்வி என்று இருந்தன. தோற்ற பணியைக் கனெக்ட் தானாக மீண்டும் தொடங்குவதில்லை. கனெக்டரை மறுதொடக்கம் செய்தாலும் இயல்பாகப் பணிகள் மறுதொடக்கமாவதில்லை. பணிகளையும் சேர்த்துத் தொடங்கும்படி கேட்கும் வசதி காஃப்கா 3.0-இல்தான் வந்தது. எனவே எங்கள் கண்காணிப்பைக் கனெக்டரின் நிலையில் வைக்காமல் ஒவ்வொரு பணியின் நிலையிலும் வைத்தோம்.

இத்தனைக்கும் பிறகு செய்திகள் ஓடின. பிழைப் பதிவேட்டில் ஒரு வரிகூட இல்லை, டாபிக்கில் நிலுவையும் பூஜ்யம். இந்த நிலையில் வேலை முடிந்தது என்று அறிவித்திருக்க முடியும். ஆனால் அனுப்பியவை அனைத்தும் போய்ச் சேர்ந்தனவா என்பதை எண்ணிப் பார்க்காமல் ஒப்படைக்க எனக்கு மனமில்லை. உண்மையான குறிப்புகளின் நகல்களிலிருந்து 10,000 பதிவுகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் தனி எண் கொடுத்து, சோதனை டாபிக்கில் இட்டோம். வரிசையின் எண்ணிக்கை 9,963 என்று காட்டியது.

அந்த எண்ணிக்கையை வைத்து மட்டும் எந்த முடிவுக்கும் வரக்கூடாது, எஸ்.க்யூ.எஸ். காட்டும் எண்ணிக்கைகள் தோராயமானவை, அனுப்புவது நின்று ஒரு நிமிடமாவது கழிந்த பின்பே அவை நிலைக்கு வரும். எனவே வரிசையை முழுவதும் படித்துக் காலி செய்து, வந்த ஒவ்வொரு செய்தியின் எண்ணையும் ஒரு கோப்பில் எழுதும் சிறு நிரலை எழுதி, அனுப்பிய பட்டியலோடு ஒப்பிட்டோம். தோராயம் இந்த முறை சரியாகவே இருந்தது: 37 செய்திகள் உண்மையிலேயே வரவில்லை. அதே 10,000-ஐ மறுபடி அனுப்பினோம். மறுபடியும் 37, அதுவும் அதே 37. இரண்டாவது ஓட்டம்தான் உண்மையான தடயத்தைத் தந்தது. வலையமைப்போ நெரிசலோ காரணமாக இருந்தால் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு செய்திகள் தவறியிருக்கும். அதே செய்திகள் மீண்டும் தவறுகின்றன என்றால் காரணம் அந்தச் செய்திகளுக்குள்தான் இருக்க வேண்டும்.

அவற்றில் ஒன்றைத் திரையில் படித்தபோது எந்தக் குறையும் தெரியவில்லை. பைட் பைட்டாகப் பிரித்துப் பார்த்தபோது, இரண்டு வரிகளுக்கு இடையில் யூனிகோடில் 11-ஆம் எண்ணுக்குரிய செங்குத்துத் தாவல் குறி இருந்தது. சில எழுதுமென்பொருள்களில் பத்தியை முறிக்காமல் வரியை மட்டும் முறித்து எழுதிவிட்டு, அந்த உரையை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் இந்தக் குறி உடன்வரும். முப்பத்தேழிலும் இதுவோ இதைப் போன்ற வேறொரு கட்டுப்பாட்டுக் குறியோ இருந்தது. எஸ்.க்யூ.எஸ். ஏற்றுக்கொள்ளும் எழுத்துகள் எக்ஸ்.எம்.எல். 1.0 என்னும் ஆவண வடிவம் அனுமதிப்பவை மட்டுமே: 32-க்குக் கீழே உள்ள குறிகளில் 9, 10, 13 ஆகிய மூன்றுக்குத்தான் இடமுண்டு, மேலே 65534, 65535 ஆகிய இரண்டுக்கும் இடமில்லை. ஆக, செய்தி தள்ளப்பட்டதற்குக் காரணம் தெரிந்துவிட்டது. தள்ளப்பட்டது எங்களுக்கு ஏன் தெரியவில்லை என்பதே பெரிய கேள்வியாக எஞ்சியது.

கனெக்டரின் மூல நிரலைத் திறந்தோம். அது பத்துப் பத்துச் செய்திகளாகச் சேர்த்து ஒரே அழைப்பில் அனுப்புகிறது. ஓர் அழைப்பில் பத்துதான் உச்ச அளவு. எஸ்.க்யூ.எஸ். தொகுதி அழைப்புக்குக் கொடுக்கும் பதிலில் இரண்டு பட்டியல்கள் இருக்கும்: வெற்றி பெற்றவை, தோற்றவை. பத்தில் ஒன்று தள்ளப்பட்டாலும் அழைப்பு என்ற அளவில் அது வெற்றிதான்; பதிலின் நிலை எண் வெற்றியைக் குறிக்கும் 200. இது சேவையின் ஆவணத்திலேயே தெளிவாக எழுதப்பட்டிருக்கும் நடத்தை. எங்கள் கனெக்டரோ அழைப்பில் விதிவிலக்கு என்னும் பிழை அறிவிப்பு எழுந்ததா என்பதை மட்டும் பார்த்தது; தோற்றவை பட்டியலை அது திறக்கவே இல்லை. ஒன்பது செய்திகள் உள்ளே போயின, பத்தாவது விடுபட்டது, கனெக்ட்டோ பத்தையும் முடித்ததாகக் கருதி, எதுவரை படித்தோம் என்பதைக் குறிக்கும் ஆஃப்செட்டை முன்னே நகர்த்திவிட்டது. அந்தப் பத்தாவது பதிவை அதன்பின் யாரும் திரும்பிப் பார்க்கப் போவதில்லை. பிழைப் பதிவேடு வெறுமையாக இருந்ததன் பொருள் பிழை இல்லை என்பதன்று. எழுதுவதற்கு ஆளில்லை என்பதுதான்.

திருத்தம் சிறியது, ஆனால் ஒவ்வொரு பகுதியையும் யோசித்துச் செய்ய வேண்டியிருந்தது. தொகுதியில் ஒவ்வொரு செய்திக்கும் அந்த அழைப்புக்குள் தனித்துவமான ஓர் அடையாளம் கொடுக்க வேண்டும். அதற்குத் தொகுதிக்குள் அதன் இட எண்ணையே கொடுத்தோம், பதில் வந்ததும் எந்தப் பதிவு தோற்றது என்பது அதிலிருந்து நேரே தெரிந்துவிடும். தோற்ற ஒவ்வொன்றோடும் தவறு அனுப்பியவருடையதா இல்லையா என்ற குறிப்பும் வருகிறது. அனுப்பியவருடையது இல்லையென்றால் சேவையின் தற்காலிகக் கோளாறு. அந்தச் செய்திகளை மட்டும் சிறு இடைவெளி விட்டு மீண்டும் அனுப்புகிறோம். அனுப்பியவருடையது என்றால் ஆயிரம் முறை அனுப்பினாலும் அதே பதில்தான் வரும். அந்தப் பதிவைக் காஃப்காவில் தனியே வைத்திருக்கும் டெட் லெட்டர் டாபிக்குக்கு ஒதுக்குகிறோம்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையையும் களைய வேண்டியிருந்தது. கனெக்ட்டின் அமைவில் பிழைகளைச் சகித்துக்கொள்ளச் சொல்லி, டெட் லெட்டர் டாபிக்கின் பெயரையும் கொடுத்துவிட்டால் எல்லாப் பிழைகளும் அங்கே போய்விடும் என்று நினைத்திருந்தோம். அந்த அமைவு தானாகக் கவனிப்பது பதிவை மாற்றும்போதும் உருமாற்றும்போதும் எழும் பிழைகளை மட்டுமே. வெளிச் சேவைக்கு அனுப்பும்போது எழும் பிழைகளைக் கனெக்டரே அறிவிக்க வேண்டும். அதற்கான வழி காஃப்கா 2.6-இல் சேர்க்கப்பட்டது. எங்கள் கனெக்டர் அதைப் பயன்படுத்தவில்லை, சேர்த்தோம். டெட் லெட்டர் டாபிக்கின் பெயரைக் கொடுக்காமல் சகிப்பை மட்டும் இயக்கினால் பிழைப் பதிவுகள் சத்தமின்றித் தொலையும். அந்த அமைவை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

மறுமுயற்சிகளுக்கு ஓர் எல்லையும் வைத்தோம். கனெக்டர் ஒரு தொகுதியோடு போராடிக்கொண்டிருக்கும்போது காஃப்காவிடம் அடுத்த பதிவுகளைக் கேட்பதில்லை. 5 நிமிடத்துக்கு மேல் கேட்காமல் இருந்தால் காஃப்கா அந்தப் பணியை இறந்ததாகக் கருதி அதன் பொறுப்பிலுள்ள டாபிக் பிரிவுகளான பார்ட்டிஷன்களைப் பறித்துவிடும். எனவே உள்ளே ஒரு நிமிடம் வரை முயன்று, அப்போதும் முடியாவிட்டால் மீண்டும் முயலத்தக்க பிழை என்று கனெக்ட்டிடம் சொல்லிவிடுகிறோம். கனெக்ட் முழுத் தொகுப்பையும் மறுபடி தரும், சில செய்திகள் இருமுறை போகும். இருமுறை போவதை மறுமுனை தாங்கும், போகாமலிருப்பதைத் தாங்காது.

இனி அந்த 37 செய்திகளை என்ன செய்வது? கட்டுப்பாட்டுக் குறிகளை நீக்கிவிடலாம் என்பது ஒரு யோசனை. ஊழியர் எழுதிய உரையை வழியில் மாற்றுவது எங்களுக்குச் சரியாகப் படவில்லை. உரையை ஒரு ஜேசன் சரத்துக்குள் வைத்து அனுப்ப முடிவு செய்தோம். ஜேசன் விதிப்படி 32-க்குக் கீழே உள்ள குறிகளை நேரடியாக எழுத முடியாது, பின்சாய்கோட்டில் தொடங்கும் குறியீடாக மாற்றித்தான் எழுத வேண்டும். அந்தக் குறியீட்டில் இருப்பவை எல்லாம் சாதாரண எழுத்துகளே என்பதால் எஸ்.க்யூ.எஸ். ஏற்கும். பெறும் குழுவும் ஒப்புக்கொண்டது. மாற்றி அனுப்பியதும் 37-உம் வந்து சேர்ந்தன. ஆனால் இப்போது வேறு சில தொகுதிகள் முழுமையாகத் தள்ளப்பட்டன: அளவு மீறல்.

நாங்கள் இதைச் செய்தபோது ஒரு செய்தியின் உச்ச அளவு 2,62,144 பைட். ஒரு தொகுதியின் மொத்த அளவுக்கும் அதே எல்லை. (2025 ஆகஸ்டில் இது 1 மெபிபைட்டாக உயர்த்தப்பட்டது.) எங்கள் குறிப்புகளில் பெரும்பாலானவை தமிழில் இருந்தன; அளவைக் கணக்கிடும்போது தமிழ் எழுத்துகள் எப்படிச் சேமிக்கப்படுகின்றன என்பது இங்கே முக்கியமாகிறது. 'கோரிக்கை' என்ற சொல் நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. யூனிகோடில் மெய்யும் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனி என்பதால் அது எட்டு குறியெண்கள். குறியெண்களைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யு.டி.எஃப்.-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணுக்கும் 3 பைட் வீதம் 24 பைட். நாங்கள் பயன்படுத்திய ஜேசன் எழுதியோ ஆஸ்கி (ஆங்கில எழுத்துகளும் எண்களும் அடிப்படைக் குறிகளும்) அல்லாத எல்லாவற்றையும் ஆறெழுத்துக் குறியீடாக மாற்றும்படி அமைக்கப்பட்டிருந்தது. எட்டு குறியெண்களும் 48 பைட்டாகிவிட்டன. ஆங்கில உரைக்கு இதனால் எந்த மாற்றமும் தெரியாது. தமிழ் எழுத்துகளோ சரியாக இரண்டு மடங்காகும். கூடவே, கனெக்டர் தொகுதியின் அளவைக் கணக்கிட்டது சரத்தின் நீளத்தைக் கொண்டு, அதாவது 'கோரிக்கை'யை 8 என்று. தமிழ்க் குறிப்பு நேரடியாகப் போனபோதே அந்தக் கணக்கு உண்மை அளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். நீண்ட குறிப்புகள் பத்து ஒன்றாகச் சேராததால்தான் அது அதுவரை வெளிப்படவில்லை.

இரண்டையும் திருத்தினோம். தமிழ் எழுத்துகளை யு.டி.எஃப்.-8 ஆகவே விட்டு, கட்டாயம் மாற்ற வேண்டிய குறிகளை மட்டும் மாற்றும்படி ஜேசன் எழுதியை அமைத்தோம். தொகுதி நிறைந்ததா என்பதை உண்மையான பைட்டுகளால் கணக்கிட்டோம். செய்தியோடு போகும் பண்புகளின் பெயரும் வகையும் மதிப்பும் அந்த அளவில் அடங்கும் என்பதால் அவற்றையும் சேர்த்தோம். பத்துச் செய்தி ஆகிவிட்டாலோ அடுத்ததைச் சேர்த்தால் எல்லை தாண்டும் என்றாலோ தொகுதியை மூடி அனுப்புகிறோம். எல்லையை நிரலுக்குள் புதைக்காமல் அமைவில் ஓர் எண்ணாக வைத்தோம். அடுத்த ஓட்டத்தில் 10,000-உம் வந்தன.

கடைசியாக, ஓர் இயந்திரம் நடுவில் இறந்தால் என்ன ஆகும் என்று பார்த்தோம். இரண்டு பார்ட்டிஷன், இரண்டு பணி, இரண்டு இயந்திரம். விநாடிக்கு 50 செய்தி வீதம் அனுப்பிக்கொண்டிருக்கும்போது ஓர் இயந்திரத்தின் கனெக்ட்டை முன்னறிவிப்பின்றிக் கொன்றோம். பாதிச் செய்திகள் நின்றன, நின்றபடியே இருந்தன. மற்ற இயந்திரம் உடனே எடுத்துக்கொள்ளும் என்று எதிர்பார்த்த எங்களுக்கு அந்தக் காத்திருப்பு கலக்கமாகவே இருந்தது. காரணம் கனெக்ட்டின் இயல்பு அமைவுதான்: விழுந்த இயந்திரம் திரும்பி வரக்கூடும் என்று எண்ணி, அதன் பணிகளை வேறிடம் மாற்றுவதற்கு முன் 5 நிமிடம் வரை காத்திருக்கும். பிறகு மற்ற இயந்திரம் கடைசியாகப் பதிவான ஆஃப்செட்டிலிருந்து தொடங்கியது. ஃபிஃபோ வரிசையின் 5 நிமிட இரட்டிப்பு நீக்கம் உதவாது என்று முன்பே சொன்னது இதனால்தான். மறுபடி அனுப்பப்படும் செய்திகள் வரும்போது அந்தச் சாளரம் மூடியிருக்கும்.

வந்த செய்திகளை எண்ணினோம்: ஒன்றுகூட விடுபடவில்லை, 842 இருமுறை வந்திருந்தன. ஆஃப்செட் பதிவாவது இயல்பாக 60 விநாடிக்கு ஒருமுறை. ஒரு பணி விநாடிக்கு 25 செய்தி அனுப்பினால் அதிகபட்சம் 1,500 இரட்டிப்பு வரலாம் என்ற கணக்கோடு அது பொருந்தியது. பதிவு இடைவெளியை 10 விநாடியாக்கி மறுபடி கொன்றபோது இரட்டிப்பு 190-ஆகக் குறைந்தது. அந்த அமைவு ஒரு கனெக்டருக்கு மட்டும் உரியதன்று, அந்தக் கனெக்ட்டில் ஓடும் எல்லாவற்றையும் பாதிக்கும் என்பதால் மற்றக் குழுக்களிடம் கேட்டுவிட்டே நிலையாக்கினோம். காத்திருக்கும் 5 நிமிடத்தை ஒரு நிமிடமாகக் குறைத்தோம்.

நேரடிப் பயன்பாட்டுக்கு வந்த முதல் வாரத்தில் டெட் லெட்டர் டாபிக்கில் ஒரே ஒரு பதிவு விழுந்தது. அறிவிப்பும் உடனே வந்தது. பிரித்துப் பார்த்தபோது அதில் 65535-ஆம் எண்ணுக்குரிய குறி இருந்தது. 32-க்குக் கீழே உள்ளவற்றையும் இரட்டை மேற்கோள் குறியையும் பின்சாய்கோட்டையும் மட்டுமே ஜேசன் கட்டாயமாக மாற்றச் சொல்கிறது. இது அப்படியே வெளியே போய்த் தள்ளப்பட்டிருக்கிறது. இதையும் 65534-ஐயும் மாற்ற வேண்டிய குறிகளின் பட்டியலில் சேர்த்து, அந்தப் பதிவை மூல டாபிக்கில் மறுபடி இட்டோம். சில விநாடிகளில் பெறும் குழுவின் திரையில் அந்தக் கோரிக்கையின் நிலை மாறியது.